மாலை போடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கார்த்திகை பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மனநலப் பிரிவில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் அடுத்த இரண்டு மாதம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவார்கள். மாலை போட்ட மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நடுங்கி, எதிரில் நிற்கும் மனைவியையே யாரென்று தெரியாமல் உளறுகிறவரை நள்ளிரவில் தூக்கி வருவார்கள். "விரதத்துல இங்கிலீஷ் மருந்து கூடாதுன்னு நிறுத்திட்டார்" என்று இன்னொரு குடும்பம் வரும். நான்கைந்து வருடம் நன்றாக இருந்தவர், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வருடமும் நடந்து முடிந்த பிறகு புலம்புவதைவிட, இந்த முறை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். கடவுள் நம்பிக்கை குறைந்ததால் மனநோய் வந்தது, நம்பிக்கை கூடினால் போய்விடும், மாத்திரை சாப்பிடுகிறவருக்கு சாமி மேல் முழு நம்பிக்கை இல்லை. இந்துக் குடும்பத்தில் "குலதெய்வத்தை மறந்துட்டே" என்பார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் "விசுவாசம் பத்தலை" என்பார்கள். முஸ்லிம் குடும்பத்தில் "ஈமான் பலவீனமாயிடுச்சு" என்பார்கள். எந்த வார்த்தையில் சொன்னாலும் கேட்கிறவருக்கு ஏற்படும் காயம் ஒன்றுதான். ஏற்கெனவே தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம், ஆமாம், கடவுளும் உன்னை அப்படித்தான் நினைக்கிறார் என்று சொல்வதாகிவிடுகிறது.

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் காரணமும் விளைவும் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. மனச்சோர்வு நோயைக் கண்டறிய நாங்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறோம். அவற்றில் முக்கியமானவை இரண்டு. நாளின் பெரும்பகுதி மனம் வாடிக் கிடப்பது ஒன்று. முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது மற்றொன்று. இந்த இரண்டில் ஒன்றாவது சேர்ந்து, ஒன்பதில் ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் தொடர்ந்து இருந்தால் அது நோய். தூக்கம், பசி, உடல்சோர்வு, கவனம், குற்றவுணர்வு, உடலும் பேச்சும் மந்தமாவது அல்லது பரபரப்பாவது, சாக நினைப்பது ஆகியவை மற்றவை. ஈடுபாடு போவது என்றால் சினிமாவும் கிரிக்கெட்டும் மட்டும் பிடிக்காமல் போவதில்லை. பிரதோஷம் தவறாமல் போனவருக்குக் கோயில் வாசல் மிதிக்கத் தோன்றாது. தினமும் வேதம் வாசித்தவருக்கு ஒரு வசனம்கூட மனதில் ஏறாது. ஐந்து வேளை தொழுதவர் நெற்றியைத் தரையில் வைத்தும் உள்ளே ஒன்றும் இல்லாமல் எழுந்து வருவார். மூளையில் விருப்பத்தையும் இன்பத்தையும் உண்டாக்கும் பகுதிகள் சோர்ந்துவிட்டன. அந்தச் சோர்வுக்கு ஜெபமும் ஒன்றுதான், மல்லிகைப்பூவும் ஒன்றுதான். வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது, "சாமி கும்பிடறதை விட்டான், அப்புறம் இப்படி ஆயிட்டான்". நடந்ததோ, நோய் வந்தது, அதனால் சாமி கும்பிட முடியவில்லை.

அர்ச்சகருக்கு வருகிறது, பாதிரியாருக்கு வருகிறது, கன்னியாஸ்திரீக்கு வருகிறது, ஹஜ் போய் வந்தவருக்கு வருகிறது. பெரியார் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் நாத்திகருக்கும் வருகிறது, அவரும் மாத்திரையில் தேறுகிறார். மஞ்சள் காமாலை வந்தவரிடம் போய் உன் பக்தி எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. மூளை மட்டும் ஏன் விதிவிலக்கு?

கடவுள் தன்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் உடம்பையே பாதிக்கும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்டார்கள். கென்னத் பர்கமென்ட் என்ற உளவியலாளர் தலைமையில் நடந்தது. உடல்நிலை, மனநிலை வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும், இப்படி நினைத்தவர்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. இதே உளவியலாளர், நம்பிக்கையை ஆறுதலாகப் பிடித்துக்கொள்பவர்களுக்கு அது பயன்படுவதையும் ஆவணப்படுத்தியிருக்கிறார். "கடவுள் என்னோடு இருக்கிறார்" என்பதும் "கடவுள் என்னை அடிக்கிறார்" என்பதும் இரண்டுமே நம்பிக்கைதான். ஒன்று தாங்குகிறது, மற்றது நசுக்குகிறது. ஆகவே "முன்ஜென்மப் பாவம்", "பெற்றவங்க செஞ்ச வினை" என்று நோயாளி காதுபட யாராவது ஆரம்பித்தால், வீட்டுப் பெரியவர்கள் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். அப்படிச் சொல்லும் உறவினரை மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

அர்த்தம் தேடுவது நோயா?

இல்லை. எங்கள் துறையிலும் சிலர் இதில் அவசரப்படுகிறார்கள். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம், சாமி உண்மையிலேயே இருக்கிறாரா, இவ்வளவு நாள் ஓடியது எதற்கு என்று ஒருவர் கேட்டவுடன் மருந்துச்சீட்டை எடுப்பது தவறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1994ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சமய, ஆன்மிகச் சிக்கல்களைத் தனி வகையாக வைத்து, இது நோயல்ல, ஆனால் கவனிக்க வேண்டியது என்று குறித்துவிட்டது. நம்பிக்கை ஆட்டம் காண்பது, மதம் மாறுவது, கடவுளைக் கேள்வி கேட்பது எல்லாம் அதில் வரும். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் அருகாமையை உணராமலே வாழ்ந்தது தெரியவந்தது. அந்தக் காலம் முழுக்க அவர் ஒரு பெரிய அமைப்பை நடத்தினார், ஊர் ஊராகப் போனார், வேலை நிற்கவில்லை.

அதுதான் நாங்கள் முதலில் பார்ப்பது. கேள்வி கேட்கிறவருக்குக் கேள்வியில் ஒரு உயிர் இருக்கும். கோபம் இருக்கும், வாதாடுவார், புத்தகம் தேடுவார், யாரையாவது போய்ப் பார்ப்பார். பேரக்குழந்தை ஓடி வந்தால் முகம் மலரும். கோயில் புளியோதரை ருசிக்கும். இரவு புரண்டு புரண்டு படுத்தாலும் எப்படியோ தூங்கிவிடுவார். நோயில் இருப்பவர் கேள்வி கேட்பதில்லை, தீர்ப்பு சொல்கிறார்: "ஒண்ணும் இல்லை டாக்டர், எல்லாம் வீண்." விடியற்காலை மூன்று மணி, நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும், மறுபடி தூக்கம் வராது. காலையில் மிக மோசமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. சாப்பாடு மண் மாதிரி இருக்கும், இடுப்பில் துணி தளரும். அழக்கூட வராது. பேரக்குழந்தை மடியில் ஏறினால் சந்தோஷம் வரவில்லையே என்று அதற்கும் சேர்த்து வருந்துவார். ஆகவே "எனக்கு எதுவுமே அர்த்தமில்லாம இருக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால் தத்துவம் பேச ஆரம்பிக்காதீர்கள். முதலில் தூக்கத்தைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக எதை நினைத்துச் சிரித்தீர்கள். பதில்கள் சரியில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினால் "மனசுக்கு எதுக்கு ரத்தம்" என்று கேட்காதீர்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு மூன்றுமே இதே முகத்தோடு வரும். பால்கூட அதிகம் சேர்க்காத சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறைவு அடிக்கடி பார்க்கிறோம். இவை சரியானால் சிலருக்கு வாழ்க்கையின் அர்த்தமும் சேர்ந்து திரும்புகிறது. யாரையும் சிறுமைப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.

நோயில்லாமல் வெறுமை மட்டும் இருப்பவர்களும் நிறைய. ஓய்வுபெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களுக்கு மாத்திரை வேண்டாம். ஆனால் "அர்த்தம் கிடைக்கட்டும், அப்புறம் எழுந்திருக்கிறேன்" என்று காத்திருக்காதீர்கள், அது அப்படி வராது. நாளும் நேரமும் குறித்த, மற்றவர் உங்களை எதிர்பார்க்கிற ஒரு வேலை வேண்டும். ஞாயிறு காலை உழவாரப் பணிக் குழுவில் புல் செதுக்குங்கள். அன்னதானத்துக்கு வாரத்தில் ஒரு நாள் காய் நறுக்கப் போங்கள். தேவாலயத்தில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் சேருங்கள். நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள், இதற்கு சாமி நம்பிக்கை தேவையில்லை. முதல் மூன்று நான்கு வாரம் ஒன்றும் தோன்றாது. அதற்காக விட்டுவிடாதீர்கள். பிடித்திருக்கிறதா என்பதை எட்டாவது வாரம் கேட்டுக்கொள்ளலாம்.

சந்நிதியில் வரும் கெட்ட எண்ணம்

வெளியே சொல்லவே கூசி, பத்துப் பதினைந்து வருடம் தனியாகச் சுமப்பவர்கள் இவர்கள். சாமி முன்னால் கண்ணை மூடியதும் அசிங்கமான வார்த்தை வருகிறது. அம்மன் சிலையைப் பார்த்தால் சொல்லக் கூடாத காட்சி வருகிறது. பரிசுத்த ஆவியைத் தூஷித்துவிட்டேனோ, மன்னிப்பே கிடையாதோ என்று ஒருவர் துடிக்கிறார். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவைச் சரியாகச் செய்தேனா என்ற சந்தேகத்தில் இன்னொருவர் குழாயடியிலேயே அரைமணி நேரம் நிற்கிறார். நூற்றெட்டு முறை மந்திரம் சொல்லும்போது நடுவில் ஒரு கெட்ட எண்ணம் குறுக்கிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார் வேறொருவர். விடிந்துவிடுகிறது.

இது எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி. தாய்க்குக் குழந்தையைப் பற்றி வரும், பக்தருக்குச் சாமியைப் பற்றி வரும், சுத்தம் பார்ப்பவருக்கு அழுக்கைப் பற்றி வரும். ஒருவர் எதை மிக உயர்வாக வைத்திருக்கிறாரோ அதையே தேடிப்போய்த் தாக்குவது இந்த நோயின் குணம். பக்தி இல்லாதவருக்கு சாமியைப் பற்றிக் கெட்ட எண்ணம் வந்தால் அவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். நீங்கள் இவ்வளவு நடுங்குவதே அது உங்கள் விருப்பம் இல்லை என்பதற்குச் சான்று.

இங்கே பரிகாரம் எப்படிக் கெடுதல் செய்கிறது என்று பாருங்கள். எண்ணம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார் அல்லது ஒரு மன்னிப்பு ஜெபம் சொல்கிறார், பதற்றம் இறங்குகிறது. "ஜெபம் சொன்னதால்தான் தப்பித்தேன்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் வலுவாக வரும், ஒரு ஜெபம் போதாது, மூன்று வேண்டும், பிறகு இருபத்தொன்று. ராமேஸ்வரம் போய் முழுக்குப் போட்டு வந்தால் நான்கு நாள் நிம்மதி, ஐந்தாம் நாள் "முழுக்கைச் சரியாகப் போட்டோமா" என்ற புதுச் சந்தேகம். வீட்டார் "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று ஐம்பது முறை சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அன்பினால் சொல்கிறீர்கள், தெரியும். நாளுக்கு ஒருமுறை சொல்லுங்கள், அதற்கு மேல் சொல்லாதீர்கள்.

சிகிச்சை நேர் எதிர்த் திசையில் போகும். எண்ணம் வரட்டும் என்று விட்டு, சந்நிதியிலேயே நின்று, கன்னத்தில் போடாமல், மனதுக்குள் மன்னிப்பும் கேட்காமல் இருக்கப் பழக்குவோம். பதற்றம் உச்சிக்குப் போகும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே வடியும். இதைப் படிப்படியாக, எளிதான சூழலிலிருந்து கடினமானதற்கு, வாரம் ஒன்று என்று பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகளில் செய்வோம். மாத்திரையும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே வகைதான், ஆனால் அளவு கூடுதல், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். மூன்றாம் வாரம் "கேட்கலை" என்று மருத்துவரை மாற்றுகிறவர்கள்தான் அதிகம், அவசரப்படாதீர்கள். உங்கள் மதத்தில் இந்தச் சடங்கை எத்தனை முறை செய்தால் போதும் என்பதை ஒரு குருக்களிடமோ பாதிரியாரிடமோ ஆலிமிடமோ ஒரே ஒரு முறை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "மூன்று முறை கழுவினால் போதும்" என்று அவர் சொன்னால் மூன்றுதான். இரண்டாவது ஆலிமிடம் போய்ச் சரிபார்க்கக் கூடாது.

விரதத்தில் எங்கே உயிருக்கு ஆபத்து வருகிறது

முதலில் குடி. தினமும் ஒரு குவார்ட்டரோ அதற்கு மேலோ குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மாலை போட்ட அன்று ஒரேயடியாக நிறுத்துகிறார். மன உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மதுவுக்குப் பழகிய மூளை அதைத் தாங்காது. சுமார் ஆறு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. ஆறிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தக் குழப்பம்: சுவரில் பூச்சி ஊர்கிறது, பாம்பு வருகிறது, யாரோ வெட்ட வருகிறார்கள், இன்று என்ன கிழமை, எந்த ஊர் என்று தெரியாது. வீட்டார் "சாமி வந்துட்டார்" என்றோ "விரதத்துல ஏதோ தீட்டுப் பட்டுடுச்சு" என்றோ நினைத்து விபூதி போட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் உயிர் போயிருக்கிறது. சாமி வந்தவருக்குக் காய்ச்சலும் கை நடுக்கமும் இரவு பகலாகத் தூக்கமின்மையும் இருக்காது. அவர் சிறிது நேரத்தில் தண்ணீர் குடித்து, தன் பெயர் சொல்லி எழுந்துவிடுவார்.

செய்ய வேண்டியது எளிது. மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பு மருத்துவரைப் பாருங்கள். குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவோம், தயமின் சத்து ஊசியும் உண்டு. ஏற்கெனவே நிறுத்திவிட்டு நடுங்குகிறவரைப் பக்கத்து கிளினிக்கில் கொண்டுபோய் குளுக்கோஸ் மட்டும் ஏற்றச் சொல்லாதீர்கள். தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. இந்த வரிசை மாறினால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போகக்கூடும். மலைக்குப் போய் வந்து மாலை கழற்றுகிற நாளை இப்போதே மருத்துவரிடம் குறித்துக்கொண்டு, மறுநாள் காலைக்கே முன்பதிவு செய்துவிடுங்கள். நாற்பத்தொரு நாள் குடிக்காமல் இருந்ததைப் போன்ற அடித்தளம் எங்கள் வார்டில்கூட எளிதில் கிடைப்பதில்லை. மாலை கழற்றிய அன்று இரவே குடித்து அதை உடைத்துக்கொள்கிறார்கள், அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. இன்னொன்று: சாப்பாட்டில் தெரியாமல் குடிநிறுத்த மருந்தைக் கலக்கும் வேலையை யாரும் செய்யாதீர்கள். அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.

அடுத்தது லித்தியம். மனம் ஒரு காலம் உச்சிக்கு ஏறி, ஒரு காலம் சோர்ந்து விழும் இருதுருவ நோய்க்கு (பைபோலார்) இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் விஷம். உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே உப்பில்லா விரதம் லித்தியம் சாப்பிடுபவருக்குக் கூடவே கூடாது, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தால் வேறு நேர்த்திக்கடனாக மாற்றிக்கொள்ளுங்கள். மலையேறும்போது வியர்த்துக் கொட்டும், போகிற வழியெல்லாம் உப்புப் போட்ட மோர், தண்ணீர் குடித்துக்கொண்டே போங்கள். இறங்கி வந்து முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போடாதீர்கள், அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் போதும். கை பெரிதாக நடுங்கினால், வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விரதம் தொடங்குமுன் ஒருமுறை அளவு பாருங்கள். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம்தான் கணக்கு, காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து கொடுத்தால் எண் தப்பாக வரும்.

தூக்கம் விழிப்பது மூன்றாவது. இருதுருவ நோய் உள்ளவருக்கு ஒரே ஒரு இரவு விழிப்பு போதும், மறுபடி கிளம்பிவிடும். வலிப்பு உள்ளவருக்கும் அப்படியே. சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி, முழு இரவு ஜெபம், ரமலானின் கடைசிப் பத்து இரவுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சிவராத்திரிக்கு முதல் காலப் பூஜையைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.

மனச்சிதைவு நோய்க்கு க்ளோசாபின் சாப்பிடுகிறவர் 48 மணி நேரத்துக்கு மேல் தவறவிட்டால் பழைய அளவில் தானாக ஆரம்பிக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும், மருத்துவரிடம் வாருங்கள். அதே நோய்க்குக் கொடுக்கும் லுராசிடோனை வெறும் வயிற்றில் போட்டால் சுமார் பாதிதான் உடம்பில் சேரும், ஒருபொழுது இருப்பவர் அந்த ஒருவேளைச் சாப்பாட்டோடு போடுங்கள். ரமலான் நோன்பில் ஒருவேளை மாத்திரைகளைப் பெரும்பாலும் மாலை இஃப்தாருக்குப் பின்னோ விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கோ மாற்றிவிட முடியும். நோயாளிக்கு நோன்பில் விலக்கு இருப்பது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே உள்ளது. கேப்ஸ்யூல் உறை ஜெலட்டின் என்று உறுத்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பல மருந்துகள் மாத்திரை வடிவிலும் கிடைக்கும். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி உணர்வு வரும். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின் மெல்லக் குறைப்பதே முறை.

கோயில், தர்கா, ஜெபக்கூடம்

இங்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆய்வுசெய்து 2002இல் வெளியிட்டார்கள். அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. காலையில் வழிபாடு, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள், கூடவே குடும்பத்தார். சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தன. அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோய் தீர மக்கள் தேடி வரும் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இரண்டு இடத்துக்கும் வந்தவர்கள் நம்பிக்கையோடுதான் வந்தார்கள். நோயாளி எப்படி நடத்தப்பட்டார் என்பதில்தான் வித்தியாசம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்திலும் எந்த முறையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. பக்தி ஸ்தலம் என்பதால் விலக்கு இல்லை. கூட்டிப் போகும் இடத்தில் கட்டிவைப்பார்களா, அடிப்பார்களா, பட்டினி போடுவார்களா, மிளகாய்ப் புகை போடுவார்களா, பெண்களைத் தனியறையில் வைத்து மந்திரிப்பார்களா என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். ஏர்வாடி தர்காவிலேயே இன்று அரசு மனநல மருத்துவப் பிரிவு நடக்கிறது, துஆவும் மருந்தும் ஒரே வளாகத்தில். முடியாது என்று சொல்கிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

சக மருத்துவர்களிடம் ஒரு வார்த்தை. நோயாளியின் கையில் கயிறு இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். நாம் சுளித்த அந்த நொடியில் அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று ஆகிவிடுகிறது, நம்மைத் தேர்ந்தெடுக்க மாட்டார். என்ன விரதம், எந்த மாதம், எத்தனை நாள் என்று கேட்டு மருந்துச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

குருசாமிகளே, போதகர்களே, ஹஜ்ரத்துகளே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். எங்கள் பேச்சைவிட உங்கள் ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம். மாலை போட்டுவிடும்போது "என்ன மாத்திரை சாப்பிடறே சாமி? அதை விடாம சாப்பிடு" என்று சொல்லிவிடுங்கள். தினக் குடிகாரர் வந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்புங்கள். ஜெபித்து முடித்ததும், மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்று மேடையிலேயே சொல்லுங்கள்.

வீட்டாருக்கு முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. "தற்கொலை பாவம்னு அவருக்குத் தெரியும், பக்திமான், செய்ய மாட்டார்" என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பாவ பயம் பலரைத் தடுத்து நிறுத்துகிறது, உண்மை. ஆனால் நோய் முற்றியவர் "எனக்கு ஏற்கெனவே மன்னிப்பு இல்லை" என்று முடிவுகட்டிவிடுவார், அப்போது அந்த வேலி இருக்காது. நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, இருப்பவர் அழுதுகொண்டே சொல்வார். நரகம், சாபம் என்று மிரட்டாதீர்கள். தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைப் பெட்டியையும் வீட்டைவிட்டே வெளியே கொண்டுபோய்விடுங்கள். ஏற்கெனவே ஏதாவது குடித்திருந்தால் போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைக்காமல் என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2017 சட்டப்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளப்படும், அவருக்குக் கிடைக்க வேண்டியது சிகிச்சை. நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ 104 என்ற சுகாதார உதவி எண்ணிலோ தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டு மருந்து, லேகியம், மந்திரித்த மூலிகைப் பொடி உட்பட. எந்த விரதம், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.